வில்மா ரௌதியோவின் இருமல்

வில்மா ரௌதியோவுக்கு எங்கள் ஊரில் இரண்டு வேலைகள் இருந்தன. பகலில் சாலை அலுவலகத்தில் உட்கார்ந்து பனி தள்ளும் வண்டிகளோடு ரேடியோவில் பேசுவாள். வியாழக்கிழமை மாலைகளில் தீயணைப்புக் கூடத்தில் பிங்கோ ஆட்டத்துக்கு எண்களைக் கூப்பிடுவாள். இரண்டுக்கும் ஒரே குரல்தான். மலைப் பாதையை மூடிவிட்டார்கள் என்பதையும் காபி போட்டாயிற்று என்பதையும் ஜி ஐம்பத்திரண்டு என்பதையும் ஒரே மாதிரி சொல்வாள்.

பிங்கோவில் எண் எழுதிய பந்தை ஒவ்வொன்றாக எடுத்துக் கூப்பிட, எல்லோரும் தங்கள் அட்டையில் அந்த எண்ணை அடிப்பார்கள்; முதலில் அட்டை நிறைந்தவருக்குப் பரிசு. பந்தை எடுப்பவள்தான் எண்ணை முதலில் பார்க்கிறாள். அட்டையில் ஒரே ஒரு கட்டம் பாக்கி இருப்பவர்கள் அப்போது அவள் முகத்தைப் பார்ப்பார்கள். வில்மாவின் முகத்தில் எதுவும் கிடைக்காது. அவள் கணவன் ரெய்னோ முன் மேசையில் உட்கார்ந்து வருடக்கணக்காகப் பார்த்தான்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த மூஞ்சியப் பாத்துக்கிட்டிருக்கேன். ஒரு நம்பர்கூட அதுல தெரிஞ்சதில்ல" என்பான் பக்கத்தில் இருப்பவர்களிடம்.

"தெரிஞ்சிருந்தா அன்னிக்கே ஓடியிருப்பே" என்று வில்மா மைக்கிலேயே சொல்வாள். பிறகு, "ஓ அறுபத்தொன்பது."

ரெய்னோ மரம் ஏற்றும் லாரி ஓட்டினான். ஒரு பிப்ரவரி மதியம் ஆற்றுப் பாலத்தருகே லாரி சறுக்கி, ஆற்றின் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு உள்ளே இறங்கியது. செய்தி ரேடியோவுக்குத்தான் வந்தது. வில்மா பாலத்துக்குப் பக்கத்தில் இருந்த பனி வண்டிக்காரனைக் கூப்பிட்டாள். ஆற்றுப் பாலம், வடக்குப் பக்கம், மரம் ஏற்றிய லாரி, உள்ளே ஒருவர். அந்த வண்டிக்காரன் ஜீன் லாஃபோண்ட். போய்ப் பார்த்த பிறகுதான் அது யாருடைய லாரி என்று அவனுக்குத் தெரிந்தது. ரெய்னோ உயிரோடு இல்லை. அலுவலகத்துக்குத் திரும்பி வந்து வாசலிலேயே நின்றான்.

"தெரிஞ்சேதான் சொன்னியா வில்மா?"

"லாரி நம்பரைச் சொன்னாங்க ஜீன்."

அவளைக் கல் என்று சொன்னவர்கள் உண்டு. ஜீன் சொல்லவில்லை. அன்றிலிருந்து ரேடியோவில் அவள் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் "சரி வில்மா" என்று முழுசாகப் பதில் சொல்வான். மற்றவர்கள், கேட்டுவிட்டது என்பதற்கு ரேடியோப் பொத்தானை மட்டும் அழுத்துவார்கள்.

பள்ளிக்கூடத்திலிருந்து அவளைத் தேடி வந்ததும் அந்தக் குரலுக்காகத்தான். பள்ளியை முடிக்கிற எல்லோருக்கும் சான்றிதழ் உண்டு. ஆனால் மாநிலத் தேர்வில் எந்தப் பாடத்தில் தேறுகிறார்களோ அந்தப் பாடத்துக்குத்தான் சான்றிதழில் தங்க நிற முத்திரை. வாசிப்புக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று, கணிதத்துக்கு ஒன்று, அறிவியலுக்கு ஒன்று. எழுத்துகளைக் கூட்டிப் படிக்க முடியாத பிள்ளைகளுக்குக் கணிதக் கேள்விகளை ஒருவர் உரக்கப் படித்துக் காட்டலாம் என்று விதி. படிப்பவர் எந்தச் சொல்லையும் அழுத்தக் கூடாது, முகம் மாறக் கூடாது, நான்கு விடைகளும் ஒன்றுபோலக் காதில் விழ வேண்டும்.

தேர்வுகளை நடத்திய டிரெவாரோ, சாலை அலுவலகத்துக்கு வந்து தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"எங்க டீச்சர்களால முடியல வில்மா. ஒருத்தங்க சரியான விடை வந்தா புருவத்தத் தூக்குறாங்க. இன்னொருத்தர் தப்பான விடையப் படிக்கும்போதே துக்கப்படுறாரு. நீங்கதான் வரணும்."

"நான் ஒம்பதாவதோட நின்னவ."

"படிக்க வருமில்ல? அது போதும்."

வருடத்துக்கு இரண்டு மூன்று பிள்ளைகளுக்குப் படித்தாள். சிலர் தேறினார்கள், சிலர் இல்லை. யார் தேறினார்கள் என்று அவள் கேட்டதில்லை.

கிறிஸ்டல் லாஃபோண்ட் ஜீனின் மகள். எழுத்துகள் அவளுக்கு நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும். எண்கள் நிற்கும். பனிப்புயலில் ஊர் முழுக்க மின்கம்பிகள் அறுந்து கிடந்த வாரத்தில், கம்பங்களில் ஏறியவர்களைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தபடி அவள் பள்ளிக்குப் போகாமல் இருந்திருக்கிறாள். தெற்கே மின்கம்பி வேலைக்கான பயிற்சிப் பள்ளி இருந்தது. கணித முத்திரை இருந்தால்தான் பெயரைப் பதிவு செய்வார்கள். ஜூலையோடு பதிவு முடிந்துவிடும். வாசிப்புத் தேர்வைப் படித்துக் காட்ட யாருக்கும் அனுமதி இல்லை என்பதால் அந்த முத்திரை அவளுக்கு வராது.

"மத்ததெல்லாம் போகட்டும். எனக்கு அந்த ஒண்ணு வேணும்" என்று டிரெவாரோவிடம் சொல்லியிருந்தாள்.

தேர்வு மார்ச்சில். ஜன்னலின் பாதிவரை பனி கிடந்தது. மற்ற பிள்ளைகள் உணவுக்கூடத்தில் எழுத, இவர்கள் இருவருக்கும் நர்ஸ் அறையைத் திறந்து கொடுத்தார்கள். வில்மாவுக்கு ஒரு வாரமாகச் சளி. மருந்து மிட்டாய் ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு படித்தாள். கிறிஸ்டல் தாளைவிட அதிகமாக அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பப் படிக்கச் சொல்லலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும். முதல் சில கேள்விகளுக்கு அவள் கேட்கவில்லை. கம்பத்தைப் பற்றிய கேள்வி வந்ததும் கேட்டாள். இருபத்து நான்கு அடிக் கம்பம். அதன் உச்சியிலிருந்து ஒரு கம்பியை இழுத்து, அடியிலிருந்து பத்து அடி தள்ளித் தரையில் கட்டுகிறார்கள். கம்பியின் நீளம் என்ன? ஏ, பதினான்கு. பி, இருபத்தாறு. சி, முப்பத்து நான்கு. டி, இருநூற்று நாற்பது.

கிறிஸ்டல் பக்கத்துத் தாளில் கணக்குப் போட்டாள். பி கட்டத்தைக் கறுப்பாக்கினாள். பிறகு, "இன்னொரு தடவை" என்றாள்.

வில்மா படித்தாள்.

"இன்னொரு தடவை, மிஸஸ் ரௌதியோ."

கிறிஸ்டல் கம்பக் கணக்கை விட்டுவிட்டாள், தன் குரலுக்குள் எதையோ தேடுகிறாள் என்று வில்மாவுக்கு அப்போது புரிந்தது. பிங்கோ கூடத்தில் பார்த்துப் பழகிய கண்கள்தான். மறுபடியும் படித்தாள். ஏ, பதினான்கு. பி, இருபத்தாறு. தொண்டையில் ஏதோ அடைத்தது. இருமினாள். சி, முப்பத்து நான்கு. டி, இருநூற்று நாற்பது.

கிறிஸ்டலின் பென்சில் கொஞ்ச நேரம் காற்றில் நின்றது. ரப்பரை எடுத்து பியை அழித்தாள். சியைக் கறுப்பாக்கினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு தடவை கேட்டாள்.

தாள்களைக் கட்டி உறைக்குள் வைத்துக்கொண்டிருந்த டிரெவாரோவின் முன்னால் வில்மா போய் நின்றாள்.

"நான் இருமிட்டேன்."

"இந்த ஊர்ல இருமறதையெல்லாம் எழுதி அனுப்பினா மார்ச் மாசத்துல தேர்வே நடத்த முடியாது. வீட்டுக்குப் போயி சூடா ஏதாவது குடிங்க."

"நான் இருமினதும் அவ விடைய மாத்தினா."

டிரெவாரோ கையிலிருந்த நாடாவைக் கீழே வைத்தார். "சரியா மாத்தினாளா, தப்பா மாத்தினாளா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "கேளுங்க. இத நான் எழுதினா கணிதம் மொத்தமும் செல்லாது. அக்டோபர்லதான் மறுபடியும் எழுதலாம். ஜூலையில அந்தப் பள்ளிக்கூடம் கதவ மூடிடும். ஒரு வருஷம் போச்சு. ஒரு கேள்வி வில்மா. அந்த ஒண்ணு தப்பானாலும் அவ தேறிடுவா. நல்லாக் கணக்குப் போடுற பொண்ணு."

"தேறலாம்."

"அப்புறம் என்ன?"

"பந்து கீழ விழுந்தா ஆட்டம் செல்லாது. யாரு ஜெயிக்க இருந்தாங்கன்னு பாக்குறதில்ல."

"இது பிங்கோ இல்ல!"

"எனக்குத் தெரிஞ்சது அதுதான். நீங்க எழுதலேன்னா நான் எழுதுறேன்."

அவர் எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

அந்த வியாழனுக்குள் விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. வில்மா முதல் பந்தை எடுத்தபோது பின் மேசையில் யாரோ இருமினார்கள். அடுத்த பந்துக்கு நாலைந்து பேர். "வில்மா, எனக்கு ஜி நாப்பத்தேழு வேணும், அதுக்கு இருமு" என்றது ஒரு குரல். கூடம் சிரித்தது. வில்மா எண்ணைக் கூப்பிட்டாள். ரேடியோவில் ஜீனிடமிருந்து பொத்தான் அழுத்தும் சத்தம் மட்டும் வரத் தொடங்கியது.

இரண்டு வாரம் கழித்து, பனி உருகிச் சேறாகிக் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்டல் அவள் வீட்டுக்கு வந்தாள். பூட்ஸைக் கழற்றவில்லை. சமையலறைக் கதவிலேயே நின்றாள்.

"எதுக்குச் சொன்னீங்க? உங்களுக்கு என்ன போச்சு? தேறியிருப்பேன்."

"முதல்ல எத கறுப்பாக்கினே?"

"பி."

"ஏன் மாத்தினே?"

வில்மா அடுப்பை அணைத்தாள்.

"நீங்க இருமினீங்க" என்றாள் கிறிஸ்டல். "அப்பாவுக்குத் தெரிஞ்சவங்க, உதவி பண்றீங்கன்னு நெனச்சேன்."

"எனக்குச் சளி."

"சும்மா சொல்லாதீங்க."

"எனக்கு அந்தக் கணக்கு தெரியாது கிறிஸ்டல். ஒண்ணுகூடத் தெரியாது. இத்தனை வருஷமா படிக்கிறேன், எது சரின்னு எனக்குத் தெரிஞ்சதே இல்ல. அதனாலதான் என்னக் கூப்பிடுறாங்க."

அந்தப் பெண் சுவரில் சாய்ந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் வந்தது.

"அப்போ நான் அவ்வளவு நேரமும் எதத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்?"

"தெரியல. ரெய்னோவும் பாத்துக்கிட்டிருந்தாரு."

கிறிஸ்டல் சுவரை விட்டு நிமிர்ந்தாள்.

"இருபத்தாறுதான் சரி" என்றாள் கிறிஸ்டல். "அன்னிக்கு வீட்டுக்குப் போயி கொட்டகையில கயிறு கட்டி அளந்து பாத்தேன்."

"அப்படியா" என்றாள் வில்மா. குரல் மாறவில்லை. ஆனால் அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்ததையும், எழுந்திருக்க வெகுநேரம் ஆனதையும் கிறிஸ்டல் பிற்பாடு சொன்னாள்.

ஜூனில் உடற்பயிற்சிக் கூடத்தில் சான்றிதழ் கொடுத்தார்கள். பெயரைக் கூப்பிட்டதும் கிறிஸ்டல் மேடைக்குப் போய் வாங்கிக்கொண்டாள். மற்றவர்கள் அட்டையைத் திறந்து முத்திரைகளைத் தடவிப் பார்த்தார்கள். அவள் திறக்கவில்லை. ஜூலை போயிற்று. நெடுஞ்சாலை ஓரத்துப் பெட்ரோல் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஊர்க்காரர்கள் நிரப்பிக்கொண்டு போகும்போது அனுதாபமாக ஏதாவது சொல்வார்கள். அவள் மீதியை எண்ணிக் கொடுப்பாள்.

அக்டோபரில் மறுதேர்வுக்கு முன்பு டிரெவாரோ கிறிஸ்டலிடம், கேள்விகளைப் படிக்கப் பக்கத்து ஊரிலிருந்து வேறு ஆளை வரவழைக்கலாம், ஜீனும் அதைத்தான் விரும்புகிறான் என்றார்.

"வேண்டாம். அவங்களே வரட்டும்."

"நல்லா யோசிச்சியா?"

"புதுசா ஒருத்தங்க வந்தா நான் மறுபடியும் மூஞ்சியப் பாப்பேன்."

அதே நர்ஸ் அறை. முதல் பனி விழத் தொடங்கியிருந்தது. கிறிஸ்டல் நாற்காலியைத் திருப்பி, வில்மாவுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். இதற்கு விதியில் தடை உண்டா என்று டிரெவாரோ தேடிப் பார்த்தார். இல்லை. வில்மா அந்த முதுகைப் பார்த்துப் படித்தாள். சளி இல்லை, ஆனாலும் நடுவில் ஓரிடத்தில் தொண்டை கரகரத்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. இருமினாள்.

கிறிஸ்டலின் பென்சில் நிற்கவில்லை.

முத்திரை டிசம்பரில் தபாலில் வந்தது. வழவழப்பான தாளில் ஒரு தங்க வட்டம், பின்புறத் தாளை உரித்துச் சான்றிதழில் தானே ஒட்டிக்கொள்ள வேண்டியது. பயிற்சிப் பள்ளியில் அடுத்த ஆண்டுப் பட்டியலில் அவள் பெயரைப் பதிந்துகொண்டார்கள். அந்த வாரம் வில்மா, மலைப் பாதையில் உப்பு தூவச் சொன்னபோது, ஜீனின் வண்டியிலிருந்து பொத்தான் சத்தம் வந்தது. கொஞ்சம் கழித்து, "சரி வில்மா" என்று வந்தது.

வியாழக்கிழமை கிறிஸ்டல் பிங்கோ கூடத்துக்கு வந்தாள். ஒரே ஒரு அட்டை வாங்கிக்கொண்டு முன் மேசையில், முன்பு ரெய்னோ இருந்த இடத்தில் உட்கார்ந்தாள். இருமுகிறவர்கள் அதற்குள் இருமி அலுத்திருந்தார்கள். வில்மா பந்தை எடுத்தாள். கூடம் முழுக்க அவள் முகத்தைப் பார்த்தது. கிறிஸ்டல் மட்டும் தன் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.