பின்சீட்டில் போட்ட கோடு

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய், ஆவி எதிலும் நம்பிக்கை கிடையாது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினெட்டு வருடமாகத் தோல் பார்த்துத் தரம் பிரிக்கிறேன். ஒரு பீஸைக் கையில் எடுத்தால், மாடு முள்ளில் கிழித்துக்கொண்டதா உண்ணி கடித்ததா என்று சொல்லிவிடுவேன். காரணம் இல்லாமல் தோலில் ஒரு கோடுகூட விழாது. நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரியுங்கள், ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. பதினோரு வருடம் வைத்தியத்துக்காக வேலூருக்கு அலைந்தோம். ஊசி, மாத்திரை, ஸ்கேன், திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்து வருவது, இப்படியே போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் என் கணவர் தட்டை நகர்த்திவிட்டு, "போதும் விமலா. இனிமே நாம ரெண்டு பேருதான். உனக்கு இன்னா ஆசையோ சொல்லு, அதச் செஞ்சிடலாம்" என்றார். அவர் ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை பார்ப்பவர், நிதானமான ஆள். நான் யோசிக்கவே இல்லை, சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அப்படிச் சிரித்து வருடக்கணக்கில் ஆகியிருந்தது.

புதுசு எங்களுக்கு எட்டாது. அதனால் பழைய கார் விற்கும் தளங்களில் தேட ஆரம்பித்து, கம்பெனியில் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க ஃபோனும் கையுமாக இருந்தேன். பெங்களூரில் ஒன்று, சென்னையில் ஒன்று, எல்லாம் எதையோ மறைத்து எடுத்த படங்கள். இரண்டு மாதம் கழித்து ஏலகிரியிலிருந்து ஒரு காரின் விளம்பரம் வந்தது. இரண்டே கதவு, முன்னால் இரண்டு சீட்டு, பின்னால் பேருக்கு ஒரு குட்டி சீட்டு, அதில் பை வைத்துக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டோம்.

தோல் பார்க்கிற புத்தி எங்கே போகும், படங்களைப் பெரிதாக்கி சீட்டுகளைத்தான் பார்த்தேன். பின்சீட்டில் இடது பக்கம் ஒரு குழிவு, சுற்றிலும் மெல்லிய சுருக்கங்கள். ஒரே ஆள் பல நாள் உட்கார்ந்தால் விழுகிற குழிவு அது, ஆனால் ரொம்பச் சின்ன ஆள். விலை பேச உதவும் என்று அந்தப் படத்தை ஃபோனில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் ஏலகிரிக்குப் போனோம். விற்பவர் அறுபது வயதுக்காரர். கார் படத்தில் இருந்த மாதிரியே இருந்தது, பின்சீட்டைத் தவிர. அங்கே அவர் புதுசாக வாங்கும்போது வந்த பிளாஸ்டிக் கவர் அப்படியே இருந்தது, மேலே தூசி படிந்திருந்தது.

"வீட்ல கொழந்தைங்க இருக்காங்களா சார்?" என்று கேட்டேன்.

"எனக்குக் கல்யாணமே ஆவலம்மா. பின்னாடி இதுவரைக்கும் யாரும் உக்காந்ததில்ல. அந்தக் கவரையே நான் பிரிக்கல."

ஃபோனில் இருந்த படத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "நான் எடுத்த படந்தான், ஆனா இது..." என்று இழுத்தவர், கையாலேயே கவரைக் கிழித்தார். உள்ளே தோல் வழவழவென்று இருந்தது, தடவிப் பார்த்தேன், ஒரு சுருக்கம் இல்லை.

"இன்னா விமலா, கார் வாங்க வந்தியா, தோல் வாங்க வந்தியா?" என்றார் என் கணவர். வேறு காரின் படம் எப்படியோ கலந்துவிட்டது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அன்றைக்கே பேசி முடித்தோம்.

கார் வீட்டுக்கு வந்த எட்டாம் நாள் துடைக்கும்போது பார்த்தேன். பின்சீட்டில், இடது பக்கம், அதே குழிவு. அதில் நாங்கள் ஒரு பைகூட வைத்ததில்லை. ஃபோன் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், நம்பினால் நம்புங்கள், ஒவ்வொரு சுருக்கமும் ஒத்துப்போனது. கம்பெனியில் சுருக்கத்தைச் சூடான காற்று அடித்து எடுப்போம். நான் ஹேர் டிரையரைப் பிடித்துத் துணியால் தேய்த்தேன், போய்விட்டது. மூன்றாம் நாள் திரும்ப வந்தது. கார் பூட்டித்தான் இருந்தது, சாவி என் கைப்பையில். மறுபடி எடுத்தேன், மறுபடி வந்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டேன், அவர் சீட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "உள்ள பஞ்சு நல்லாத்தான் கீதுக்கா" என்று போய்விட்டார்.

எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. போதும் என்று சொல்லி, அந்தப் பதினோரு வருடத்தை மறப்பதற்காக வாங்கிய கார் அது. அதிலும் வந்து உட்கார வேண்டுமா என்று தோன்றியது. கம்பெனியில் தோலில் குறை இருக்கும் இடத்தை வெள்ளிப் பேனாவால் சுற்றிக் குறிப்போம். அந்தப் பேனாவால் குழிவைச் சுற்றி ஒரு கோடு போட்டுக் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"வித்துடலாங்க" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். "இருக்கட்டும் விமலா" என்றார். அதோடு நான் ஹேர் டிரையர் எடுப்பதையும் விட்டுவிட்டேன்.

நான்கு வருடம் ஆகிவிட்டது. போன மாதம் பார்த்தபோது, குழிவு அந்தக் கோட்டைத் தாண்டி எல்லாப் பக்கமும் ஒரு விரல் அகலம் வந்திருந்தது. யாரும் உட்காராத சீட்டில் குழிவு பெரிதாகாது, இந்தப் பதினெட்டு வருட வேலையில் நான் அப்படிப் பார்த்ததில்லை. ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்வது அது இல்லை.

போன வாரம் சாயங்காலம் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே கணவர் காரை நிறுத்திவிட்டு இறங்கினார், தனியாகத்தான் வந்திருந்தார். சுற்றிப் போய் இடது பக்கக் கதவைத் திறந்து, பின்னால் இருப்பவர் இறங்குவதற்காகச் சாய்ப்போமே, அப்படி முன்சீட்டைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு கதவைச் சாத்தினார். எப்போதும் விறுவிறுவென்று நடக்கிற மனிதர், ஒரு கையைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, சின்னச் சின்ன அடியாக எடுத்து வைத்து, வாசல்படியில் ஒரு நொடி நின்று, உள்ளே வந்தார்.

அவரிடம் நான் இன்னும் கேட்கவில்லை. அது முதல் தடவை செய்கிற மாதிரி இல்லை, தினமும் செய்து பழகியவர் போலச் செய்தார்.