சாட்சிக் கூண்டில் போலீஸ்காரன்

சிதம்பரம் தேரோட்ட பந்தோபஸ்தில் இரும்புத் தடுப்பு சரிந்து என் முட்டியை நொறுக்கியது. நஷ்டஈடு கேட்டு என் துறை மேலேயே வழக்குப் போட்டேன். கடலூர் கோர்ட்டுக்குப் போகும் பஸ்ஸில், "மெரட்டுனாலும் வாய் தவறி எஸ் சார்னு சொல்லிடாதீங்க" என்று மனைவி படித்துப் படித்துச் சொன்னாள். கெட்ட வார்த்தையில் திட்டு வாங்கினாலும் அதையே சொல்லிப் பழகிய வாய் இது.

எத்தனையோ பேரைக் கூண்டில் ஏற்றியவன் நான். அன்று நானே ஏறி நின்றேன். எதிரே என் இன்ஸ்பெக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்கும் அவர் ஸ்டேஷனில்தான் எனக்கு வேலை.

அரசு வக்கீல் குரலை உயர்த்தினார். "தடுப்பெல்லாம் விழல. நீங்களாதான் தடுக்கி விழுந்தீங்க. அப்படித்தானே?"

இல்லை என்று கத்த நினைத்தேன். பாழாய்ப்போன உடம்பு, மடங்காத காலோடு சேர்ந்து விறைத்து நின்றது.

"எஸ் சார்!"