கொசுவி நிறுத்திய கொக்குகள்

சென்ற மாதம் வேலூரில் ஒரு புதுமனை புகுவிழாவுக்குப் போயிருந்தேன். வரவேற்பறைச் சுவரில், பழைய ஜப்பானிய மடக்குத் தட்டி ஒன்றை முழுக்க விரித்து, திருகாணி போட்டு, படம் மாதிரி மாட்டியிருந்தார்கள். ஆறு பலகை, பொன் தாள், அதன்மேல் மேகமும் மூங்கிலும். மேலே தனியாக ஒரு விளக்கு வேறு. "நூறு வருஷத்துக்கு மேல பழசுங்க," என்றார் வீட்டுக்காரர். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இழுத்துக் கட்டிவிட்டார்களே, எங்கள் சித்தப்பா செய்தது போலவே!

ஆரணியில் எங்கள் வீடு என்பது ஒரே ஒரு கூடம்தான், பின்னால் சமையல்கட்டு. கூடத்தின் ஒரு கோடியில் அப்பாவின் தறி. அதிலிருந்து புறப்படும் பாவு, பட்டு நூலால் ஆன ஒரு சின்ன ஆறு, மறுகோடிக் கம்பம் வரை நீண்டு கிடக்கும். இழை அறுந்தால் முடிபோட அதன் இரு கரையிலும் நடக்க வேண்டும். அங்கே யார் சுவர் எழுப்புவது?

எனக்கு எட்டு வயதானபோது, எங்களோடு இருந்த சித்தப்பாவுக்கு ஆனியில் கல்யாணம். சித்தி கண்ணமங்கலத்துக்காரி. வந்த வேகத்தில் எனக்குக் கூட்டாளியாகிவிட்டாள். ஆடி பிறந்ததும் வழக்கப்படி தாய்வீட்டார் வந்து அழைத்துப் போனார்கள். பஸ் ஏறும்போது அவள் சித்தப்பாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது.

"திரும்பி வரச்சொல்ல ஒரு மறைப்பாவது இருக்கணும். இல்லன்னா எங்கம்மா வீட்லயே குந்திகினு இருப்பேன், பார்த்துக்கோங்க."

கண்ணாமூச்சி ஆடத்தான் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் கூடத்தில் ஒளிய இடமே இல்லாதது எனக்கும் பெரிய குறைதான். சித்தி வராமலே போய்விட்டால்? ஆடி முழுக்க எனக்கு அதே கவலை. சித்தப்பாவுக்கும் அதே கவலை என்பதால் அந்த மாதம் நாங்கள் இருவரும் மிக ஒற்றுமையாக இருந்தோம்.

ஆடி முடியும் தறுவாயில், புடவை கொடுக்க மெட்ராஸ் போன சித்தப்பா, பஸ் கூரையில் சாக்குச் சுற்றிய ஒரு பெரிய பொருளோடு வந்து இறங்கினார். இடிக்கப்போகிற ஏதோ பங்களாவில் கிடந்ததாம். பிரித்தால், அம்மாடி, ஒரு மடக்குத் தட்டி! கறுப்புச் சட்டங்கள், மங்கிய பொன் நிறம், தண்ணீரில் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்குகள், மூக்கைத் தூக்கி வானத்தைத் திட்டுகிற ஒரு கொக்கு. தெருவே வந்து பார்த்தது. அப்பா மட்டும் கொக்கைப் பார்க்கவில்லை. குனிந்து விரலால் தடவி, "டேய், பட்டு மேல வரைஞ்சிருக்கான்டா," என்றார், வீண்செலவு செய்த சித்தப்பாவை மன்னித்தவராக.

நிறுத்துவதுதான் பேஜாராகப் போயிற்று. நெய்கிறவர் கண்ணுக்கு மடிப்பு ஆகாது, தொய்வு ஆகவே ஆகாது. அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பாவை இழுப்பது போலவே, ஆறு பலகையையும் ஒரே நேர்க்கோடாக இழுத்து நிறுத்தினார்கள். அழகாக நின்றது. கையை எடுத்ததும் அழகாக விழுந்தது. மறுபடி நிறுத்தினார்கள்; இம்முறை அப்பாவின் தலைமேல். நல்லவேளை, கனமில்லை. அம்மா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"கொக்கு தலையில வெண்ணெய் வைக்கறது கேள்விப்பட்டிருக்கேன். தலையில கொக்கையே வெச்சிகினு நிக்கறவர இப்பத்தான் பாக்கறேன்."

கடைசியில் கயிறு வந்தது. ஒரு முனை ஜன்னல் கம்பியில், மறுமுனை கம்பத்தில். முறுக்கேற்றிக் கட்டியதில் தட்டி விறைத்து நின்றது, கீல்கள் முனகின. பக்கத்தில் நின்று தும்ம எனக்குத் தடை விதிக்கப்பட்டது.

ஆவணி முதல் நாள் சித்தி வந்தாள். வாசலிலேயே நின்று பார்த்தாள்.

"இன்னாங்க இது? கொக்குங்கள மாடு மாதிரி கட்டிப் போட்டு வெச்சிருக்கீங்க?"

"அவுத்தா வுழுந்துடும்," என்றார் சித்தப்பா, பரிதாபமாக.

சித்தி அவிழ்த்தாள். ஒரு பலகை முன்னே, ஒரு பலகை பின்னே என்று, விரலிடுக்கில் புடவைக்குக் கொசுவம் வைக்கிற அதே லாகவத்தில் மடித்துக்கொண்டே போனாள். கையை எடுத்தாள். நின்றது! அதுவரை வரிசையில் விறைத்திருந்த கொக்குகள் ஒன்றையொன்று திரும்பிப் பார்த்துக்கொண்டன.

"நெய்யறவங்களுக்கு இழுக்கத்தான் தெரியும். கட்டிக்கறவளுக்குத்தான் கொசுவத் தெரியும். இல்லக்கா?" என்றாள் அம்மாவிடம். அப்பா தறிப்பக்கம் குனிந்து, வராத இருமலை இருமினார்.

அன்று முதல் தட்டி பகலில் மடங்கிச் சுவரோரம் சாயும். விளக்கு வைத்தபின் மூலையில் விரியும். எனக்கு ஒரு புது விதி: அந்தப் பக்கம் போவதானால் பாட்டுப் பாடிக்கொண்டேதான் போக வேண்டும். ஒளிந்து விளையாட இதைவிட மோசமான விதி உண்டா என்று வாதாடிப் பார்த்தேன். சித்தப்பா அதில் கறாராக இருந்தார். எங்கள் ஒற்றுமை அத்தோடு முடிந்தது.

ஒரு மத்தியானம் சித்தப்பாவும் சித்தியும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். ஏனோ தட்டி விரிந்தே நின்றது. அம்மாவைக் காணோம். அடுப்படியில் இல்லை, கிணற்றடியில் இல்லை. பாடாமல் எட்டிப் பார்த்தேன். கொக்குகளுக்குப் பின்னால், காலை நீட்டி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருந்தாள். உதட்டில் ஒரு சிரிப்பு.

"கண்டுபிடிச்சிட்டேன்!" என்று குதித்தேன்.

"கத்தாதடி. இன்னும் கொஞ்ச நேரம்."

ஆட்டம் முடியவில்லை போலிருக்கிறது என்று நானும் அவள் மடியோரம் பதுங்கிக்கொண்டேன். அந்தக் கூடத்துக்கு அவள் மணப்பெண்ணாக வந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. யாரிடமிருந்து ஒளிகிறோம் என்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை.