மண்வெட்டி வேண்டாதவர்

ரங்கூனில் க்யிம்யிண்டைங் படகுத்துறைப் பக்கம் நான் பழைய மின்சாமான் கடை வைத்திருந்தேன். வடக்கே தங்கம் தோண்டப் போகிறவர்கள், மண்ணுக்கடியில் உலோகம் இருந்தால் கத்தும் டிடெக்டர் கேட்டு வருவார்கள். ஒரு நாள் வந்த பெரியவரும் அப்படித்தான் என்று நினைத்தேன். அறுபது வயதிருக்கும். வெளுத்த கைலி, வெற்றிலைக் கறை படிந்த உதடு.

கருவியைப் பழகிக்கொள்ள என் தங்க மோதிரத்தைக் கேட்டார். ஆற்றங்கரை மண்ணில் நானே புதைத்தேன். ஆணிக்கும் தங்கத்துக்கும் அது கத்துவதில் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. கருவி கத்திய இடமெல்லாம் மண்டியிட்டு, வெறும் விரல்களால் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை விலக்கினார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இப்படித் தோண்டினா தங்கக்கட்டி எப்பங்கய்யா கிடைக்கும்? மண்வெட்டி தரேன், எடுத்துட்டுப் போங்க."

"கட்டி எனக்கு எதுக்கு தம்பி? தங்கக்குழி சரிஞ்சு மவன் உள்ள கிடக்கான். விரல்ல மோதிரம் போட்டிருந்தான்" என்றார். "மண்வெட்டின்னா அவன் மேல பட்டுருமே."

கடைசியில் என் மோதிரம் அகப்பட்டது. ஆற்றுத் தண்ணீரில் அலசி, அவரே என் விரலில் போட்டுவிட்டார். போட்ட பிறகும் என் கையை அவர் விடவில்லை.