நான்காவது சிவப்புத் துணி

நேற்று, சனிக்கிழமை, நான் தலவாக்கலைக்குப் போனது ஒரு தேயிலைச் செடியைப் பார்க்க. சிரிக்காதீர்கள். ஹட்டனில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கிறேன். சென்ற ஆண்டு பரிணாமத்தைச் சொல்லும் கூர்ப்புப் பாடத்தில், இயற்கைத் தேர்வுக்கு உங்கள் ஊரிலிருந்தே ஓர் உதாரணம் சொல்லுங்கள் என்றபோது தர்ஷினி எழுந்தாள். அவளுடைய அம்மா செல்வராணி கொழுந்து பறிக்கும் மலையில், மழைக்காலத்தில் சுற்றியுள்ள செடிகளெல்லாம் கொப்புள நோயில் வெளுத்துப்போக, ஒன்று மட்டும் சுத்தமாக நிற்குமாம். ஜூலையில் போய்ப் பார்த்தேன். உண்மைதான்.

அது பழைய விதைத் தேயிலை மலை. விதையிலிருந்து வந்ததால் ஒவ்வொரு செடியின் பரம்பரை அமைப்பும் வேறு. இப்போது எங்கும் நடுவது வீ.பி. தேயிலை. ஒரே தாய்ச்செடியின் கிளைகளை வெட்டி, துண்டு துண்டாக நட்டு வளர்த்தது என்பதால், ஒன்றைச் சாய்க்கும் நோய் அத்தனையையும் சாய்த்துவிடும். இந்த மலையையும் பிடுங்கிவிட்டு வீ.பி. நடப் போகிறார்கள் என்றறிந்து, அந்தச் செடியின் துண்டுகளையாவது காப்பாற்ற நினைத்தேன். தோட்ட அலுவலகத்தில் கேட்டதற்கு, பிடுங்கப்போகிற மலைதானே, வெட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். எந்தச் செடி என்று கேட்கவில்லை. பறித்துக்கொண்டேயிருக்கும் செடியில் வெட்டுவதற்கு நீளமான கிளை வராது. ஆகஸ்டிலிருந்து ஆறு மாதம் சும்மா விடவேண்டியிருந்தது. மற்றவர்கள் தவறிப் பறிக்காமலிருக்க, “ஒரு சிவப்புத் துணி கட்டி வைங்க அக்கா” என்று செல்வராணியிடம் சொன்னது நான்தான்.

திங்கட்கிழமை பிடுங்கத் தொடங்குகிறார்கள் என்று வியாழக்கிழமை அவர் அழைத்துச் சொன்னார். சனிக்கிழமை காலை 6.40 பஸ், 110 ரூபாய். சுமார் இருபது கிலோமீட்டர். தலவாக்கலையில் 7.35க்கு இறங்கினேன். தோட்டத்துக்கு இன்னும் ஏழு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 1,200 ரூபாய்.

“ஒரு செடியப் பாக்கவா டீச்சர் இவ்ளோ செலவு? வழியெல்லாம் தேயிலதானே நிக்குது!” என்றார் ஆட்டோக்காரர். நானும் சிரித்தேன். பையில் கத்தரிக்கோலும் ஈரச்சாக்கும் இருந்தன. அவ்வளவு நம்பிக்கை.

எட்டேகாலுக்கு மலையடிவாரத்தில் இறங்கியபோது செல்வராணி காத்துக்கொண்டிருந்தார். கையைப் பிடித்து மேலே கூட்டிப்போனார். மலை முழுவதும் செடிகள் அப்படியே நின்றன. எங்கள் செடி இருந்த இடத்தில் மட்டும் ஒரு குழி. பக்கத்தில் சாம்பல்.

“எப்பவும் நோய்ச் செடிக்குச் சுண்ணாம்புதான் அடிப்பாங்க டீச்சர். இந்த மாசந்தான் தோட்டத்துக்குப் புதுசா வந்த ஐயா செவப்பு ரிப்பன் கட்டச் சொல்லியிருக்காரு. எங்களுக்கு யாரு சொன்னா?”

வேர் அழுகிய செடிகளை, மற்றதைப் பிடுங்கும் முன்பே எடுத்து எரித்துவிடுவார்களாம். எடுத்தவர் முருகையா என்ற கங்காணி. கீழேயிருந்து ஏறி வந்தார். நல்ல மனிதர். அதுதான் தாங்க முடியவில்லை.

“மூணு செடின்னுதான் ஐயா சொன்னாரு. மலையில நாலு செவப்பு இருந்துச்சு. பறிக்காம காடா வேற கெடந்துச்சா, சரி, இதுவும் சீக்குச் செடிதான்னு நேத்து எடுத்துட்டேன்.” பிறகு தலையைச் சொறிந்தபடி சொன்னார்: “ஆனா வேரு நல்லா வெள்ளையா இருந்துச்சு டீச்சர்.”

சாம்பலைக் கிளறினேன். துண்டு முளைக்க ஒரு பச்சை இலையாவது வேண்டும். கருகிய குச்சிகள்தான் கிடைத்தன.

அந்த மலையில் ஆயிரக்கணக்கான செடிகள். இன்னொன்று இல்லாமலா போகும் என்று இருவரும் மாலை நான்கு மணிவரை வரிசை வரிசையாகத் தேடினோம். பைத்தியக்காரத்தனம். இது பிப்ரவரி. மழையில்லை, பனிமூட்டமில்லை, எனவே நோயுமில்லை. எல்லாச் செடியும் சுத்தமாகத்தான் நின்றது. எது தாங்கும், எது சாகும் என்று மழை வந்தால்தான் தெரியும். மழைக்கு நான்கு மாதம் இருக்கிறது, மலைக்கு இரண்டு நாள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

போக நினைப்பவர்களுக்கு: ஹட்டனிலிருந்து காலை பஸ்ஸே வசதி. ஆட்டோ வாடகையை ஏறுமுன் பேசிக்கொள்ளுங்கள். கொப்புள நோயைப் பார்க்க ஜூன், ஜூலையில் போங்கள், அட்டைக்கு உப்பு வைத்துக்கொள்ளுங்கள். செடிக்கு அடையாளம் வைப்பதானால், அந்தத் தோட்டத்தில் எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று அங்கே இருப்பவர்களிடம் முதலில் கேளுங்கள். படித்தவள் என்ற திமிரில் நான் கேட்கவில்லை.

பஸ் ஏற்றிவிடும்போது செல்வராணி சொன்னார்: “தர்ஷினிகிட்ட நீங்களே சொல்லிருங்க டீச்சர். என்னால முடியாது.”

நாளை, திங்கள் காலை எட்டு மணிக்கு, செடிகளைப் பெயர்த்தெடுக்க மலையில் அலவாங்கு இறங்கும். அதே எட்டு மணிக்கு எனக்கு உயர்தர வகுப்பு. தர்ஷினி முன்வரிசையில் உட்கார்ந்து, துண்டுகள் எத்தனை கிடைத்தன என்று கேட்பாள்.