படத்துக்கு மேலே ஒரு லைற்

நாகேஸின் மகனைச் செத்தவன் ஆக்கியது நான்தான். யாரும் என்னை ஏவவில்லை. ஒரு சுவரின் அழகுக்காகச் செய்தேன்... இதை இன்றுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் என் வீட்டைப் பற்றிக் கேளுங்கள். அவசரப்படாதீர்கள். அரியாலையில் இரண்டு அறையும் ஒரு ஹோலும் உள்ள சின்ன வீடு. ஆனால் உள்ளே வந்து பாருங்கள்!

என் மகள் கொழும்பில் அடுக்குமாடியில் இருக்கிறாள். அவளுக்குப் பிள்ளை பிறந்தபோது பத்தியக் கறி காய்ச்சிக் கொடுக்கப் போய்ச் சில மாதம் தங்கினேன். அவள் வீடும் சின்னதுதான். ஆனால் பெரிதாகத் தெரிந்தது. ஏன் என்று யாரிடமும் நான் கேட்கவில்லை, பார்த்தே பிடித்துவிட்டேன். எழுத்துக் கூட்டித்தான் எனக்கு வாசிக்க வரும். பார்க்கிற கண்ணுக்கு எழுத்து எதற்கு? திரைச்சீலை யன்னலோடு நின்றுவிடாமல் நிலம்வரை தொங்க வேண்டும். ஒரு சுவர் மட்டும் சாம்பல், மற்றவை பால் வெள்ளை. சாமான் குறையக் குறைய வீடு வளரும். லைற் கண்ணைக் குத்தக் கூடாது, பொருளின்மேல் மெல்ல விழ வேண்டும்.

திரும்பி வந்து அப்படியே செய்தேன். பிளாஸ்ரிக் பூக்களைக் கொளுத்தினேன். கலண்டர்களைக் கழற்றினேன். என் மனுசனின் படத்தையே, மாலையோடும் சிவப்புக் குமிழ் லைற்றோடும், அறைக்குள் மாற்றினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. உயிரோடு இருந்தபோதும் சொல்லாதவர். பெயின்ற் அடித்தவன் சாம்பல் நிறம் குடியிருக்கிற வீட்டுக்கு ஆகாது என்று முணுமுணுத்தான். வேலை முடிந்தபின் தன் மனுசியைக் கூட்டிவந்து காட்டினான். கல்யாணம் பேச வருகிறவர்களை என் ஹோலில் இருத்திக் கதைக்க அயலவர் அனுமதி கேட்டார்கள். இதிலெல்லாம் எனக்கு வெட்கம் இல்லை. பெருமைதான்.

மிஞ்சியது ஒரு படம்.

நாகேஸ் என் மனுசனின் தங்கை. என்னோடுதான் இருக்கிறாள். அவளுடைய ஒரே மகன் யுத்தத்தின் கடைசியில் காணாமல் போனான். இந்த வீடு கட்டும் முன்பே போனவன். அவனுடைய படம் ஹோலில் வாசலைப் பார்த்தபடி தொங்கியது. பள்ளிக்கூட அடையாள அட்டைக்கு எடுத்ததைப் பெருப்பித்தது. பின்னால் பளீரென்ற நீலம், பொன் பூசிய பிளாஸ்ரிக் சட்டம். அதற்கு அவள் பூ வைத்ததில்லை, பொட்டு வைத்ததில்லை. எங்கள் பக்கத்தில் வீட்டு மனிதர் ஒருவரின் படத்துக்கு மேலே லைற் எரிந்தால் அவர் செத்தவர். சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அறைக்குள் மாற்றுவோமா என்று கேட்டேன்.

"வேண்டாம் மச்சாள். அவனுக்கு இந்த வீடு தெரியாதெல்லே. வந்து ஏறேக்கை தன்ரை முகத்தைக் கண்டால்தான் எங்கடை வீடு எண்டு தெரியும்."

சரி என்றேன். ஆனால் என் சாம்பல் சுவரில் அது ஒரு சொறி மாதிரி நின்றது... வருகிறவர்கள் சுவரைப் பார்க்காமல் அவனைப் பார்த்தார்கள். விசாரிப்பார்கள். நாகேஸ் அழத் தொடங்குவாள். தேத்தண்ணி ஆறிவிடும்.

அவள் மருதனார்மடத்துச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்த நாட்களில், படத்தை ஸ்ரூடியோவுக்குக் கொண்டுபோனேன். கறுப்பு வெள்ளையாக்கி, மெல்லிய கறுத்த சட்டம் போடுவித்தேன். பிறகு வயரிங் செய்கிறவரைக் கூப்பிட்டேன். அவர் ஏணியில் நின்றபடி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அம்மா, உந்தப் படத்துக்கு மேலையோ?"

"ஓம். கொழும்பிலை எல்லாப் படத்துக்கும் மேலை லைற் இருக்கு."

அது உண்மைதான். தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். தெரிந்துதான் செய்தேன்! அவள் கோபிப்பாள், சண்டை பிடிப்பாள், படத்தைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுவாள், சுவர் எனக்கு மிஞ்சும்... இதுதான் நான் நினைத்தது.

பின்னேரம் வந்தாள். லைற் எரிந்துகொண்டிருந்தது. எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா! அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். சண்டை பிடிக்கவில்லை.

"மச்சாள், உங்களுக்கு ஆர் சொன்னது?"

முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அவன் செத்த செய்தி எனக்கு வந்துவிட்டது, வாயால் சொல்ல ஏலாமல் லைற்றைப் போட்டுச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள். ஒருத்தரும் சொல்லவில்லை என்று ஒரு சொல்... ஒரு சொல் போதும்! சொன்னால், பின்னே ஏன் போட்டீர்கள் என்று கேட்பாள். சுவருக்காக என்று எப்படிச் சொல்வது? தலையைக் குனிந்துகொண்டேன். யாருக்கு முன்னாலும் குனியாத தலை இது.

அவள் கிணற்றடிக்குப் போனாள். சாவுச் செய்தி கேட்டவர்கள் முழுகுவது போல, உடுத்த சேலையோடு, தலையில் அள்ளி அள்ளி வார்த்தாள். அந்தச் சத்தம் நிற்கும்வரை எனக்கு நேரம் இருந்தது. ஓடிப்போய்ச் சொல்ல நேரம் இருந்தது. நான் உலர்ந்த சேலை ஒன்றை எடுத்துவைத்தேன்.

அதன்பிறகு அவள் பிள்ளைகளைத் தேடிப் போராடும் மற்றத் தாய்மாரோடு படம் ஏந்தித் தெருவில் இருக்கப் போகவில்லை. நித்திரை கொள்கிறாள். சாப்பிடுகிறாள். நாகேஸ் தேறிவிட்டாள், மச்சாள்காரி நல்லாய்ப் பார்க்கிறா என்று ஊர் சொல்கிறது. அது பொய்யும் இல்லை. நான் செய்ததே நல்லது என்று சில நாட்களில் நினைக்கிறேன்... நினைக்கலாமா?

அவன் எங்கே, எப்படி என்று அவள் கேட்டதே இல்லை. கேட்டால் எனக்கு நோகுமாம். என்மேல் அவளுக்கு இரக்கம்! ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள், அரிசி புடைத்துக்கொண்டு, என் முகத்தைப் பாராமல்.

"ஒரு விபரமும் வேண்டாம் மச்சாள். திதியை மட்டும் சொல்லுங்கோ. துவசம் குடுக்கோணும்."

உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த இன்னொரு தருணம் அது. நான் தேய்பிறைத் தசமி என்றேன். ஏன் தசமி? வாயில் அதுதான் வந்தது. அவள் கேட்காமலே மாதம் மாசி என்றும் சொன்னேன்.

மாசி பிறந்தால் ஐயர் வருகிறார். கறிகள் எல்லாம் நான்தான் சமைக்கிறேன். அவனுக்குப் பிடித்த முருங்கைக்காயும் வைக்கிறேன். ஐயர் பெயரைக் கேட்பார், நாகேஸ் சொல்வாள். திதியைக் கேட்பார். அவள் என் பக்கம் திரும்புவாள்.

நான் சொல்கிறேன். என் குரல் நடுங்குவதில்லை.