வெள்ளைச் சரிவின் பாசி

அந்தச் சரிவைத் தேர்ந்தெடுத்தவள் ரிஸ்தின்தான். கணவன் நீலாஸ் முழங்கால் அறுவைக்குப் பிறகு வீட்டோடு கிடந்ததால், இந்தக் குளிர்காலம் பனிமான் மந்தையை எங்கே விடுவது என்ற முடிவு அவள் தலையில் விழுந்தது. அவள் தம்பி மாத்தேயின் மான்களும் அதே மந்தையில்தான். அவன் பழைய பைன் காட்டுக்கே போகலாம் என்றான். அங்கே மரத்தை வெட்டித் தரையையும் கிளறிப் போட்டுவிட்டார்கள் என்று இவள் மறுத்துவிட்டாள்.

இலையுதிர் காலத்தில் எதிர் மேட்டிலிருந்து பார்த்தபோது இந்தச் சரிவு முழுக்க வெளுத்துக் கிடந்தது. மணல் தரை, வெயில் படும் இடம், தண்ணீர் தங்காது. குளிர்காலத்தில் மான்கள் பனியைத் தோண்டித் தின்னும் மான்பாசி மெத்தை கட்டுவது இப்படிப்பட்ட இடத்தில்தான். முதல் பனி விழுந்ததும் ஓரத்துப் பைன் மரங்களின் அடியில் தோண்டிப் பார்த்தாள். நல்ல பாசி. மேலே வெட்டவெளியில் தோண்டவில்லை. காற்று முகத்தை அறுத்தது. நீலாஸுக்குச் சாப்பாடும் கொடுக்க வேண்டியிருந்தது.

ஓரத்துப் பாசி தீர்ந்ததும் மான்கள் வெட்டவெளிக்கு ஏறின. அன்றிலிருந்து மந்தை நிலைகொள்ளவில்லை. காலால் பனியைப் பறிப்பதும், மூக்கை விட்டுப் பார்ப்பதும், குழியைப் பாதியில் விட்டுவிட்டு நகர்வதுமாக இருந்தன. குட்டிகளின் இடுப்பெலும்பு தெரியத் தொடங்கியிருந்தது. ரிஸ்தின் ஒரு குழியில் மண்டியிட்டு, கையுறையைக் கழற்றி, ஒரு தண்டை ஒடித்தாள். மான்பாசியின் தண்டு உள்ளே குழாய் மாதிரி வெற்றாக இருக்கும். நுனிகள் ஒரே பக்கம் சீவிவிட்டதுபோல் வளைந்திருக்கும். இது உள்ளே கெட்டி. மேலெல்லாம் பொரிப்பொரியாக ஒட்டிக்கொண்டிருந்தது. நுரைப்பாசி. தூரத்துக்கு இதுவும் வெள்ளைதான். வேறு வழியே இல்லையென்றால்தான் மான்கள் இதில் வாய் வைக்கும்.

மாத்தே பனிவண்டியை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தான்.

"என்னக்கா, நெறத்த மட்டும் பாத்தே சம்பந்தம் பேசி முடிச்சிட்டியா?"

அவள் தண்டைப் பனியில் எறிந்துவிட்டுக் கையுறையை மாட்டினாள்.

போகக்கூடிய இடம் ஒன்றுதான் இருந்தது, ஏரிக்கு அக்கரையில் ஹெய்க்காவின் மேய்ச்சல் காடு. போன வசந்தத்தில், மான் மேய்ப்பவர்களின் கூட்டத்தின் நடுவில் எழுந்து, அடுத்தவர் நிலத்துக்குள் மந்தையை நுழைய விடுகிறவர் என்று அவரைச் சொன்னவள் இவள்தான். அது அவருக்கு மறந்திருக்காது. இருந்தாலும் மாத்தேயைக் கூட்டிக்கொண்டு போனாள்.

ஹெய்க்கா அந்தப் பக்கத்து வழக்கப்படி காப்பியில் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டு நீட்டினார். நீலாஸின் முழங்காலைப் பற்றி விசாரித்தார். இரண்டாவது கோப்பைக்குப் பிறகு அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் கோப்பையைக் கையில் உருட்டினார்.

"விடலாம்மா. எங்க மானுக்கும் வசந்தம் வரைக்கும் மிஞ்சணும்ல. எத்தனன்னு நான் கேக்க மாட்டேன்."

கேட்கவும் கூடாது. ஒருவரிடம் எத்தனை மான் என்று கேட்பது, பணப்பையைத் திறந்து காட்டு என்று கேட்பதற்குச் சமம். ரிஸ்தின் தன் மாமியாரிடம்கூடச் சொன்னதில்லை. ஆனால் அவள் சொல்லாமல் அவர் சரி என்று சொல்லப் போவதுமில்லை. பக்கத்தில் மாத்தே மெல்லத் தலையை ஆட்டி வேண்டாம் என்றான்.

அவள் சொன்னாள். மொத்தத்தையும் சொன்னாள்.

ஏனம் கழுவிக்கொண்டிருந்த ஹெய்க்காவின் மனைவி குழாயை மூடினாள். அவர் வடக்குப் பக்கத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார். கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

வெளியே வந்ததும் மாத்தே கேட்டான்.

"உன்னோடத சொன்ன, சரி. என்னோடத எதுக்குக்கா சொன்ன?"

"மந்த ஒண்ணாத்தானடா மேயுது."

"இந்தக் குளிருக்கு மேயட்டும். வசந்தத்துல பிரிச்சுக்குவோம்."

விளையாட்டுக்குச் சொல்கிறானோ என்று அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தான்.

மந்தை ஏரியைக் கடந்தது. அக்கரைப் பைன்களுக்கடியில் மான்கள் தோண்டத் தோண்ட, தலைகள் ஒவ்வொன்றாகப் பனிக்குள் மறைந்தன. முதுகுகள் மட்டும் தெரிந்தன. ரிஸ்தின் ஒரு பிடி பாசியை எடுத்துத் தண்டை ஒடித்தாள். வெற்றுக் குழாய். காட்டலாமென்று திரும்பினாள். மாத்தே மந்தையின் மறுகோடியில், தன் காதுக்குறி போட்ட மான்களாகப் பார்த்து ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டிருந்தான்.